கெர்னல் கால் இடறும் இடங்கள்

லினக்ஸ் கணினி கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். சி மொழியில் இரண்டு குட்டி நிரல்கள் போதும். முதல் நிரலில் 1 என்ற எண்ணை முகவரியாக வைத்துக்கொண்டு, அந்த முகவரியில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டிய உடனே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரு வரி வரும், நிரல் செத்துப்போகும். முகவரி 1-இல் எதுவும் கிடையாது. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது நிரலில் நீங்கள் படிக்க வேண்டாம். 'இந்த முகவரியில் இருந்து பத்து பைட் எடுத்துத் திரையில் எழுது' என்று ரைட் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) வழியாகக் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், சொல்லுங்கள். அதே முகவரி 1. இந்த முறை நிரல் சாகாது. ரைட் -1 என்று திரும்பி வரும். என்ன பிழை என்று பார்த்தால் 14, அதாவது 'தவறான முகவரி' என்று இருக்கும். நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டாவது முறை அந்த முகவரியைத் தொட்டது யார்? கெர்னல். நம் நிரல் தொட்டபோது நிரல் செத்தது; கெர்னல் தொட்டபோது ஏன் கெர்னல் சாகவில்லை? 'தொடுவதற்கு முன்பே சரிபார்த்திருக்கும்' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அந்த எண்ணம்தான் இருந்தது. அது சரியில்லை என்று காட்ட ஒரு எளிய வழி உண்டு: இரண்டாவது நிரலின் வெளியீட்டை டெவ்-நல் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது ரைட் 10 என்று பதில் சொல்லும். பத்து பைட்டும் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். டெவ்-நல் என்பது கொடுப்பதை எல்லாம் அப்படியே கைவிடும் சாதனம். அதன் டிரைவர் நாம் கொடுத்த இடத்தைப் படிக்கவே படிக்காது. படிக்காததால் அங்கே ஒன்றும் இல்லை என்பதும் தெரியவராது. முன்கூட்டியே சரிபார்த்திருந்தால் இங்கேயும் 14-தானே வந்திருக்க வேண்டும்?

ஆக, கெர்னல் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. தொட்டது, இடறியது, எழுந்து நின்று 14 என்று பதில் சொன்னது. அது எப்படி எழுந்தது, எந்த இடங்களில் எழ முடியாமல் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இன்டெல், ஏஎம்டி ப்ரொசஸர்களில் ஓடும் லினக்ஸை வைத்தே பேசுகிறேன். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது அதுதான்.

எக்செப்ஷன் என்றால்

ப்ரொசஸர் ஒரு கட்டளையை நிறைவேற்றப் போய், முடியாமல் நின்றுவிட்டால் எக்செப்ஷன். கீபோர்டும் நெட்வொர்க் கார்டும் கூப்பிடும் இன்டரப்ட் வேறு. அது வெளியில் இருந்து வருவது, எப்போது வேண்டுமானாலும் வரும். எக்செப்ஷனை எழுப்புவது அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையேதான்.

இந்த ப்ரொசஸர்களில் இரண்டுக்கும் சேர்த்து 256 எண்கள். 0 முதல் 31 வரை ப்ரொசஸர் தனக்கென ஒதுக்கிக்கொண்டவை. 0 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல், 3 டீபக்கர் வைக்கும் பிரேக்பாயின்ட், 6 தெரியாத கட்டளை, 13 பொதுவான பாதுகாப்பு மீறல், 14 பேஜ் ஃபால்ட் (தொட்ட நினைவகப் பக்கம் இல்லை, அல்லது தொட அனுமதி இல்லை). எந்த எண்ணுக்கு எங்கே தாவ வேண்டும் என்ற அட்டவணையைக் கெர்னல் பூட் ஆகும்போதே நிரப்பி ப்ரொசஸரிடம் கொடுத்துவிடும். (மேலே பார்த்த பிழை எண்ணும் 14, பேஜ் ஃபால்ட்டும் 14. இது தற்செயல். பிழை எண் 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 14-தான். பேஜ் ஃபால்ட் 1985-இல் 386 ப்ரொசஸரோடு வந்தது.)

எக்செப்ஷன் வந்ததும் ப்ரொசஸர் செய்யும் முதல் வேலை, 'எங்கே இருந்தேன்' என்பதை ஸ்டாக்கில் (தற்காலிகக் குறிப்புகளுக்கான நினைவகப் பகுதி) குறித்து வைப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னால் வரும் எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. ஃபால்ட் வகை எக்செப்ஷன் என்றால், இடறிய அதே கட்டளையின் முகவரி குறிக்கப்படும். ட்ராப் வகை என்றால் அடுத்த கட்டளையின் முகவரி. மூன்றாவது வகை அபார்ட். அதில் திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. பேஜ் ஃபால்ட் முதல் வகை. கெர்னல் குறையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால், இடறிய கட்டளை ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

இந்த 'ஒன்றுமே நடக்காத மாதிரி' என்பதை வைத்துத்தான் இன்றைய கணினிகளின் நினைவக ஏற்பாடே நடக்கிறது. ஒரு நிரல் ஒரு ஜிபி நினைவகம் கேட்டால் கெர்னல் 'சரி' என்று சொல்லிவிடும், ஆனால் ஒரு பைட்கூடக் கொடுக்காது. நிரல் முதல் முறை ஒரு 4096 பைட் பக்கத்தைத் தொடும்போது பேஜ் ஃபால்ட் வரும். அப்போதுதான் அந்த ஒரு பக்கம் கைக்கு வரும். ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்போதும் இதே கதை. அப்பாவும் பிள்ளையும் ஒரே பக்கங்களைப் படிக்க மட்டும் என்ற அனுமதியோடு பகிர்ந்துகொள்வார்கள். யாராவது எழுதப் போனால் ஃபால்ட், அப்போது தனிப் பிரதி. நீங்கள் பிரவுசரைத் திறப்பதற்குள் இப்படி எத்தனையோ ஃபால்ட்கள் வந்து போயிருக்கும். எக்செப்ஷன் என்றால் ஏதோ விபத்து என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: பெரும்பாலானவை விபத்தே இல்லை, அன்றாட வேலை.

பேஜ் ஃபால்ட்டோடு ப்ரொசஸர் இரண்டு தகவல் தருகிறது. எந்த முகவரியில் இடறியது என்பது சிஆர்2 என்ற ரிஜிஸ்டரில் (ப்ரொசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) இருக்கும். ஏன் இடறியது என்பது ஒரு சின்ன எண்ணில், பிட் பிட்டாக: பக்கம் இருந்ததா இல்லையா, படிக்கப் போனதா எழுதப் போனதா, போனது யூசர் நிரலா கெர்னலா. இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது பின்னால் ரொம்ப உதவும்.

நிரல் தவறான இடத்தைத் தொட்டிருந்தால் அதற்குக் கெர்னலிடம் இருந்து ஒரு சிக்னல் (அறிவிப்பு), எண் 11, போகும். அதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் சிக்னல் எண் 8. திரையில் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்' என்று தவறான பெயரில் தெரியும்; பழைய பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. 64-பிட் ஆர்ம் ப்ரொசஸரில் அதே வகுத்தல் எக்செப்ஷனே எழுப்பாது, விடை 0 என்று வந்துவிடும். உங்கள் போனில் ஓடும் நிரல் லேப்டாப்பில் சாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்பே எழுதி வைத்த பட்டியல்

யூசர் நிரல் இடறினால் கெர்னல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும். கெர்னலே இடறினால்?

பழைய லினக்ஸ் உண்மையிலேயே முன்கூட்டிச் சரிபார்த்தது. 'வெரிஃபை ஏரியா' என்று ஒரு ஃபங்ஷன். சிஸ்டம் காலில் ஒரு பாயின்டர், அதாவது ஒரு முகவரி, வந்தால், அந்த ப்ராசஸுக்குச் சொந்தமான முகவரிப் பகுதிகளை எல்லாம் தேடி, இந்தப் பாயின்டர் அவற்றில் ஒன்றுக்குள் விழுகிறதா என்று பார்க்கும். விழுந்தால்தான் தொடும். ஆனால் பெரும்பாலான அழைப்புகளில் சரியான பாயின்டர்தான் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை இந்தத் தேடல் வீண் செலவு. அதைவிடப் பெரிய சிக்கல், சரிபார்ப்பதற்கும் தொடுவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ஒரே ப்ராசஸில் இரண்டு த்ரெட் (ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் வேலைகள்) இருந்தால், ஒன்றின் பாயின்டரைக் கெர்னல் பார்த்து 'சரி' என்ற அடுத்த கணமே மற்றது அந்த நினைவகத்தைக் கழற்றிவிடலாம்.

அந்தக் காலத்தில் 386 ப்ரொசஸருக்கு இன்னொரு குறையும் இருந்தது. படிக்க மட்டும் என்று குறித்த பக்கத்தில் கெர்னல் எழுதினால், ப்ரொசஸர் தடுக்காது, ஃபால்ட்டே வராது. பிள்ளை ப்ராசஸுக்காகக் கெர்னல் எழுதியது அப்பாவின் பக்கத்திலும் போய் உட்கார்ந்துவிடும். 486-இல்தான் இதைத் தடுக்க ஒரு பிட் சேர்ந்தது. லினக்ஸ் 386 ஆதரவைக் கைவிட்டது 3.8 பதிப்பில், 2013-இல். அதுவரை இந்தப் பழைய சிப்புக்கென்று தனி வழி வைத்திருக்க வேண்டியிருந்தது.

1996-இல் தொடங்கிய 2.1 வரிசையில் வழியை மாற்றினார்கள். சரிபார்க்கும் வேலையை, எப்படியும் ஒவ்வொரு தடவையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் ப்ரொசஸரிடமே விட்டுவிடலாம் என்று முடிவு. கெர்னலில் யூசர் நினைவகத்தைத் தொடும் கட்டளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது கம்பைல் செய்யும்போதே தெரியும். ஏனென்றால் அவை எல்லாம் 'காப்பி ஃப்ரம் யூசர்', 'கெட் யூசர்' போன்ற ஒரு சில வாசல்கள் வழியாக மட்டுமே போகும். அந்தக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தார்கள். 'இந்த முகவரியில் இருக்கும் கட்டளை இடறக்கூடும். இடறினால் அந்த முகவரியில் இருந்து தொடரவும்.' இந்தச் சீட்டுகளின் தொகுப்புக்குப் பெயர் எக்செப்ஷன் டேபிள். இன்று 64-பிட் லினக்ஸில் ஒரு சீட்டு 12 பைட்: இடறும் இடம், தொடரும் இடம், எந்த வகையில் கையாள்வது என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் நான்கு பைட். கெர்னலைக் கட்டும்போதே முகவரி வரிசையில் அடுக்கிவிடுவார்கள், தேடுவது சுலபம்.

இப்போது முதல் சோதனைக்குத் திரும்பலாம். ரைட் வழியாக முகவரி 1 கெர்னலுக்குள் வந்தது. கெர்னல் ஒரே ஒரு ஒப்பீடு செய்யும்: இந்த எண் யூசருக்கான பாதியில் இருக்கிறதா, கெர்னலின் பாதியில் இருக்கிறதா? வழக்கமான 64-பிட் ஏற்பாட்டில் யூசரின் பங்கு 128 டெராபைட். 1 அதற்குள் வருகிறது, அதனால் மேலே போகலாம். அப்புறம் நகலெடுக்கும் கட்டளை ஓடுகிறது. பேஜ் ஃபால்ட். ஃபால்ட்டைக் கையாளும் பகுதி, சிஆர்2-இல் 1 இருப்பதைப் பார்க்கிறது. அந்த ப்ராசஸின் முகவரிப் பகுதிகளில் 1 எங்காவது வருகிறதா? இல்லை. வந்திருந்தால் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டளையை மறுபடி ஓடவிட்டிருக்கும். இல்லாததால், இடறிய கட்டளையின் முகவரியை எக்செப்ஷன் டேபிளில் தேடுகிறது. சீட்டு இருக்கிறது. ஸ்டாக்கில் ப்ரொசஸர் குறித்து வைத்த 'திரும்ப வேண்டிய இடம்' என்ற எண்ணை மாற்றி, சீட்டில் இருக்கும் இடத்தை எழுதுகிறது. பிறகு சாதாரணமாகத் திரும்புகிறது. ப்ரொசஸருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. குறிப்பில் இருக்கும் இடத்துக்குப் போகும். அங்கே இருக்கும் சில வரிகள், இன்னும் எத்தனை பைட் நகலாகவில்லை என்ற கணக்கைச் சொல்லும். அதைப் பார்த்து, இதைக் கூப்பிட்ட ஃபங்ஷன்கள் பிழை 14 என்று பதிலாக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, எதுவும் தவறாத பாதையில் இதற்குச் செலவே இல்லை என்பது. டேபிள் ஒரு மூலையில் சும்மா கிடக்கும். ஒரு கட்டளைகூடக் கூடுதலாக ஓடாது.

அந்த ஒரே ஒப்பீட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அதை மறந்தால், யூசர் ஒரு கெர்னல் முகவரியைக் கொடுத்து, கெர்னலின் கையாலேயே கெர்னல் நினைவகத்தில் எழுத வைக்கலாம். 2017-இல் லினக்ஸ் 4.13-இல் வெயிட்-ஐடி என்ற சிஸ்டம் காலைத் திருத்தி எழுதியபோது அந்த ஒப்பீடு விடுபட்டுப்போனது. பேஜ் ஃபால்ட் இங்கே உதவாது. கெர்னல் முகவரி கெர்னலுக்குச் செல்லுபடியான முகவரிதானே, இடறலே நடக்காது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஈ-2017-5123 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது.

டேபிள் வேறு சில வேலைகளுக்கும் பயன்படுகிறது. ப்ரொசஸரின் தனி ரிஜிஸ்டர் ஒன்று இந்த மாடலில் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், கெர்னல் படித்துப் பார்க்கும். இல்லை என்றால் எக்செப்ஷன் 13 வரும், சீட்டு இருக்கும், 'இல்லை' என்று பதில் வரும்.

சீட்டு இல்லாத இடத்தில்

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்ன டிரைவரைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தது. எங்கள் சோதனைக் கணினியில் மாதக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடிய டிரைவர். புதிதாக வாங்கிய கணினி ஒன்றில் போட்டதும், முதல் அழைப்பிலேயே சீரியல் கன்சோலில் (கெர்னல் செய்திகளைக் கேபிள் வழியாக இன்னொரு கணினியில் பார்க்கும் வசதி) மளமளவென்று வரிகள் கொட்டின. முதல் வரி, இந்த முகவரிக்கான பேஜ் ஃபால்ட்டைக் கையாள முடியவில்லை என்றது. முகவரி 7-எஃப்-எஃப் என்று தொடங்கியது, அதாவது யூசர் ஸ்டாக் இருக்கும் பக்கம். இரண்டாவது வரி, கெர்னல் நிலையில் படிக்கப் போனபோது என்றது. மூன்றாவது வரியில் பிழைக் குறியீடு 1.

அந்த 1-தான் என்னை ஒரு முழு இரவு உட்கார வைத்தது. 1 என்றால் பக்கம் இருக்கிறது, அனுமதி மீறல் என்று பொருள். பக்கம் இருக்கிறது, படிக்கத்தான் போகிறோம், போவதோ எல்லா உரிமையும் உள்ள கெர்னல். அப்புறம் என்ன மீறல்?

விஷயம் இதுதான். டிரைவரை எழுதியவர் யூசர் கொடுத்த பாயின்டரை 'காப்பி ஃப்ரம் யூசர்' வழியாகப் போகாமல் நேரடியாகவே படித்திருந்தார். பழைய கணினியில் அது நடந்துவிட்டது; முகவரி சரியாக இருக்கும்வரை கெர்னலுக்கு யூசர் நினைவகம் கண்ணுக்குத் தெரியும், படிக்கலாம். பக்கம் இல்லாவிட்டால்கூட பேஜ் ஃபால்ட் வந்து பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். புதிய கணினியின் ப்ரொசஸரில் ஸ்மாப் என்ற பாதுகாப்பு இருந்தது. இன்டெல்லில் 2014-இல் பிராட்வெல் தலைமுறையோடு வந்தது. கெர்னல் நிலையில் இருக்கும்போது யூசர் பக்கங்களைத் தொட்டால் அதையே மீறலாக எடுத்துக்கொள்ளும். முறையான வாசல்கள், தொடுவதற்கு முன் ஒரு கட்டளையால் இந்தத் தடையை நீக்கி, தொட்டு முடித்ததும் இன்னொரு கட்டளையால் மறுபடி போட்டுவிடும். எங்கள் டிரைவர் வாசல் வழியாகப் போகவில்லை. அதற்குச் சீட்டும் இல்லை.

திருத்தம் இரண்டு வரி. ஆனால் அன்றைக்குப் புரிந்தது பெரிது: இத்தனை மாதமும் யாராவது ஒரு தவறான பாயின்டரை அனுப்பியிருந்தால், பழைய கணினியும் இதே மாதிரி விழுந்திருக்கும். யாரும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கன்சோலில் கொட்டிய வரிகளுக்கு ஊப்ஸ் என்று பெயர். புதிதாகப் பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும், ஆனால் கெர்னல் நம்மிடம் விட்டுச்செல்லும் மிகக் கவனமான கடிதம் அது. எந்த ஃபங்ஷனில் எத்தனையாவது பைட்டில் இருந்தது, அப்போது ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் என்ன இருந்தது, யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தது, எல்லாம் இருக்கும். 'கோட்' என்று தொடங்கும் ஒரு வரியில் இடறிய இடத்தைச் சுற்றியுள்ள கட்டளைகளின் பைட்களையே அச்சிட்டு, இடறிய பைட்டைக் கோண அடைப்புக்குள் காட்டும். அந்த இடத்தில் 0எஃப் 0பி என்ற ஜோடியைப் பார்த்தால், அது விபத்து இல்லை. 'இங்கே வரவே கூடாது' என்று கெர்னல் எழுதியவர்கள் வைத்த காவல். தெரியாத கட்டளை என்று ப்ரொசஸரே வரையறுத்து வைத்திருக்கும் இரண்டு பைட் கட்டளை அது. எக்செப்ஷன் 6-ஐ வேண்டுமென்றே எழுப்புகிறார்கள். வெறும் எச்சரிக்கை என்றால், கையாளும் பகுதி செய்தியை அச்சிட்டுவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தோடு 2 கூட்டிவிடும். ஓட்டம் தொடரும்.

கொன்றுவிட்டுத் தொடரலாமா

ஊப்ஸ் வந்தபின் லினக்ஸ் என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. வழக்கமான நடைமுறை இது: இடறும்போது எந்த ப்ராசஸின் வேலையைச் செய்துகொண்டிருந்ததோ அந்த ப்ராசஸைக் கொன்றுவிட்டு, மற்றவர்களுக்காகத் தொடர்ந்து ஓடு. இன்டரப்டைக் கவனித்துக்கொண்டிருந்தபோது இடறியிருந்தால் கொல்ல யாரும் இல்லை, அதனால் பேனிக், மொத்தமாக நிறுத்தம். எண் 1 ப்ராசஸ், அதாவது கெர்னல் முதலில் தொடங்கும் யூசர் நிரல், செத்தாலும் பேனிக்.

சி++ அல்லது ஜாவா எழுதுபவர்கள் 'கேட்ச்' போட்டுப் பழகியவர்கள். அங்கே எக்செப்ஷன் எழும்பினால், கூப்பிட்டவர்கள் வரிசையில் ஒவ்வொரு படியாக இறங்கி, வழியில் திறந்ததை எல்லாம் மூடிக்கொண்டே வரும். லினக்ஸ் கெர்னலில் அது கிடையாது. செத்த ப்ராசஸ் கெர்னலுக்குள் ஒரு பூட்டைப் பிடித்திருந்தால், அந்தப் பூட்டு பூட்டியே இருக்கும். பாதி மாற்றிய பட்டியல் பாதியிலேயே நிற்கும். அடுத்து அந்தப் பூட்டைக் கேட்டு வருபவர் காத்துக்கொண்டே இருப்பார்.

இது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. முன்பெல்லாம் கெர்னல் தன் சொந்த நினைவகத்தையே யூசர் நினைவகம் மாதிரி சில ஃபங்ஷன்களுக்குக் கொடுக்க, அந்த 'யூசர் பாதியா' ஒப்பீட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தும் வழக்கம் இருந்தது. சரியாக அந்த நேரத்தில் ஊப்ஸ் வந்தால்? ப்ராசஸைக் கொல்லும் வேலை, தளர்ந்த நிலையிலேயே நடக்கும். ஒரு த்ரெட் சாகும்போது, அது முன்பே சொல்லிவைத்த ஒரு முகவரியில் கெர்னல் 0 என்று எழுதும். இது வழக்கமான ஏற்பாடு. ஒப்பீடு தளர்ந்திருப்பதால் அந்த முகவரி கெர்னலுடையதாக இருந்தாலும் எழுதிவிடும். தாக்குபவர் விரும்பிய இடத்தில் ஒரு பூஜ்யம். அது ஒன்றே போதும், கணினி கை மாறிவிடும். 2010-இல் சிவிஈ-2010-4258 என்று பதிவான ஓட்டை இது. தளர்த்தும் வழக்கத்தையே 2020-இல் 5.10 பதிப்பில் இந்த ப்ரொசஸர்களுக்கு ஒழித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு ஊப்ஸிலும், கெர்னலுக்குள் ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை குறைக்கப்படாமல் விடுபட்டுப்போனால், வேண்டுமென்றே மறுபடி மறுபடி ஊப்ஸ் வரவைத்து அந்த 32-பிட் எண்ணிக்கையைச் சுற்றவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியும். அதனால் 2023-இல் வந்த 6.2 பதிப்பில் ஒரு வரம்பு வைத்தார்கள்: 10,000 ஊப்ஸ் ஆனால் பேனிக். என் கருத்தில், பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட எந்த சர்வரிலும் முதல் ஊப்ஸிலேயே பேனிக் ஆகும்படி வைப்பதுதான் சரி. அதற்கான அமைப்பு லினக்ஸிலேயே இருக்கிறது. உங்கள் சொந்த லேப்டாப்பில், சேமிக்காத வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் கிடைக்கட்டும் என்று விட்டு வைப்பது நியாயம்.

இந்த இடத்தில் 2024 ஜூலை 19-ஐப் பேசாமல் இருக்க முடியாது. அன்று இந்திய நேரம் காலை 9:39-க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக் கோப்பை அனுப்பியது. 10:57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நடுவில் 78 நிமிடம். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அவ்வளவுக்கும் அடியில் நடந்தது ஒரே ஒரு பேஜ் ஃபால்ட். புதிய கோப்பு 21-ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது; கெர்னலுக்குள் ஓடிய டிரைவரிடம் கொடுக்கப்பட்டதோ 20. இல்லாத 21-ஆவதை எடுக்கப் போனபோது, கண்ட எண்ணைப் பாயின்டராக நினைத்துத் தொட்டது.

'ஏன் பிடித்து நிறுத்தவில்லை' என்று அப்போது பலர் கேட்டார்கள். விண்டோஸ் கெர்னலில் ட்ரை-எக்செப்ட் வசதி உண்டுதான். யூசர் கொடுத்த முகவரி தவறாகப் போனால் அது பிடிக்கும். கெர்னலின் சொந்தப் பாதியில் இல்லாத முகவரியைத் தொட்டால் பிடிக்காது. நேராக நீலத் திரை. லினக்ஸில் சீட்டு இல்லாத கட்டளைக்கு நடப்பதைவிட இது கடுமையானது, ஆனால் யோசனை ஒன்றுதான். யூசர் பொய் சொல்லலாம், அதற்குத் தயாராக இரு. கெர்னல் தன்னிடமே தவறான முகவரியைச் சொல்லிக்கொண்டால், அதன் கணக்குப் புத்தகம் எங்கோ கெட்டுவிட்டது. அதற்குமேல் அந்தப் புத்தகத்தை நம்பி டிஸ்க்கில் எழுதினால் உங்கள் கோப்புகளும் கெடும். நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். கொடுமை அதற்குப் பின்னால்தான். டிரைவர் பூட் ஆகும்போதே ஏறுவது. மறுபடி பூட் ஆனால் அதே கோப்பு, அதே இடறல். ஆள் போய், ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதே வகை வேலைக்கு லினக்ஸில் இப்போது ஈபிபிஎஃப் பயன்படுகிறது. வெளியார் எழுதிய சின்ன நிரலைக் கெர்னல் முதலில் வரி வரியாகச் சோதித்து, பிறகு தானே ப்ரொசஸர் கட்டளையாக மாற்றி ஓட்டும். அப்படி மாற்றும்போது, கெர்னல் பாயின்டரைப் பின்தொடர்ந்து படிக்கும் கட்டளைகளுக்கு எக்செப்ஷன் டேபிளில் ஒரு சீட்டையும் சேர்த்து எழுதிவிடுகிறது. இடறினால் விடை 0, ஓட்டம் தொடரும். சீட்டு எழுதும் பொறுப்பை மனிதரின் ஞாபகத்திடம் விடாமல் கெர்னலே எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை நான் பெரிய முன்னேற்றமாகப் பார்க்கிறேன்.

கையாளும் கையே இடறினால்

எக்செப்ஷன் வந்தால் ப்ரொசஸர் ஸ்டாக்கில் குறித்து வைக்கும் என்றோம். ஸ்டாக்கே தீர்ந்துபோயிருந்தால்? கெர்னலில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் வெறும் 16 கேபிதான் ஸ்டாக். அதைத் தாண்டினால் முன்பெல்லாம் பக்கத்தில் இருக்கும் யாருடைய தரவையோ சத்தமில்லாமல் அழித்துவிடும். 2016 கடைசியில் வந்த 4.9 பதிப்பு முதல், ஸ்டாக்கின் எல்லையில் வேண்டுமென்றே ஒரு வெற்றுப் பக்கம் விட ஏற்பாடு வந்தது. தாண்டினால் பேஜ் ஃபால்ட். அந்த ஃபால்ட்டைக் குறித்து வைக்கவும் ஸ்டாக் வேண்டும், அது இல்லை, அதனால் ப்ரொசஸர் எக்செப்ஷன் 8-ஐ எழுப்பும்: டபுள் ஃபால்ட். இதற்கென்று தனி ஸ்டாக் ஒன்றைக் கெர்னல் முன்பே ஒதுக்கி வைத்திருக்கும். தொடர வழியில்லை, ஆனால் என்ன நடந்தது என்று எழுதி வைக்கவாவது ஓர் இடம் இருக்கும்.

டபுள் ஃபால்ட்டையும் கையாள முடியாவிட்டால் ட்ரிபிள் ஃபால்ட். அதற்கு எண்ணும் கிடையாது, கையாளும் பகுதியும் கிடையாது. ப்ரொசஸர் கையை விரித்துவிடும், கணினி ரீசெட் ஆகும். லினக்ஸ் இதை மறுபடி பூட் செய்யும் வழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது: எக்செப்ஷன் அட்டவணையைக் காலியாக்கிவிட்டு, வேண்டுமென்றே ஒரு பிரேக்பாயின்ட் கட்டளையை ஓட்டும்.

இதற்கு முன்னோடி 1980-களில் இருக்கிறது. 1982-இல் வந்த 286 ப்ரொசஸர், பாதுகாக்கப்பட்ட நிலைக்குள் போகத் தெரிந்தது, திரும்பி வர வழி இல்லாதது. ரீசெட் ஒன்றுதான் வழி. பழைய நிலையில் மட்டுமே ஓடும் டாஸ் நிரல்களையும் ஓட்ட வேண்டியிருந்த ஓஎஸ்/2 என்ற இயங்குதளம், அதற்காக வேண்டுமென்றே ட்ரிபிள் ஃபால்ட்டை வரவழைத்தது. கீபோர்டு கன்ட்ரோலர் வழியாக ரீசெட் செய்வதைவிட அது வேகமாக இருந்தது. ரீசெட் ஆனால் பயாஸ் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) முதலிலிருந்து பூட் செய்யப் போய்விடுமே? அதற்கு ஏற்பாடு அந்தக் கணினியிலேயே இருந்தது. பேட்டரியில் ஓடும் சிமாஸ் நினைவகத்தில் ஒரு பைட்டில் 'இது உண்மையான ரீசெட் இல்லை' என்று குறித்து, திரும்பி வர வேண்டிய முகவரியைத் தாழ்ந்த நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுதி வைப்பார்கள். ப்ரொசஸர் விழுந்து எழுந்ததும் பயாஸ் அந்த பைட்டைப் படிக்கும், பூட் செய்வதை விட்டுவிட்டு, எழுதி வைத்த முகவரிக்குத் தாவும்.